கோட்டுப் போட்ட காக்கை

கோபன்ஹேகனில் டிசம்பர் மாதம் பிற்பகல் மூன்றே முக்கால் மணிக்கு விளக்கேற்றி விடுகிறார்கள். ஏற்றாமல் என்ன செய்வது? சூரியன் போய்விடுகிறான். காலையில் எட்டரை மணிக்கு மேல்தான் மறுபடி வருகிறான். வந்தும் எதிர்வீட்டுக் கூரைக்கு மேல் ஏற மனசில்லாமல் திரும்பிவிடுகிறான். மாயவரத்துக்குக் கிழக்கே, விடியற்காலை ஐந்து மணிக்கே வாசல் தெளிக்கிற ஊரில் எழுபது வயசு வரை இருந்தவனுக்கு இது பெரிய சோதனை.

பெண்ணும் மாப்பிள்ளையும் அங்கே உத்தியோகத்தில் இருக்கிறார்கள். என் மனைவி காலமான பிறகு, நான் தனியாக எதைச் சமைத்து எதைச் சாப்பிடுகிறேனோ என்று பெண்ணுக்குக் கவலை. "மூணு மாசமாவது வந்து இருங்கோ அப்பா" என்றாள். அதற்கு மேல் இருக்க விசாவும் கிடையாது.

சௌகரியத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குழாயைத் திருகி அப்படியே குடிக்கலாம். எந்த வீட்டிலும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். இதைப் பார்த்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. மீதிப் பாதி சைக்கிளால் வந்தது. சைக்கிளுக்கென்று அங்கே தனிப்பாதை. தெரியாமல் அதில் ஒரு கால் வைத்துவிட்டேன். பின்னால் வந்த ஒரு பாட்டி மணியடித்தாள். எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் பிரம்பில்கூட அந்த மணியில் இருந்த கண்டிப்பு இருந்ததில்லை.

பஸ்ஸில் பேச்சு மூச்சு கிடையாது. எந்த ஊர், எத்தனை குழந்தைகள், பையனுக்கு என்ன சம்பளம் என்பதையெல்லாம் கும்பகோணம் பஸ்ஸில் குத்தாலம் வருவதற்குள் கேட்டு முடித்துவிடுகிற ஜனங்கள் நாங்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தும் அவர் பெயர் தெரியாமல் இறங்கிப் போவது எனக்கு என்னவோ கடன் வைத்துவிட்டுப் போகிற மாதிரி இருந்தது.

இந்த ஊர் எங்களுக்கு ஒன்றும் புதிதில்லை. தரங்கம்பாடி எங்கள் பக்கத்து ஊர்தானே. 1620-ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்குக் கோட்டை கட்ட அங்கே இடம் கொடுத்தார். 1845-ல் அவர்கள் இங்கிலீஷ்காரர்களிடம் விற்றுவிட்டுப் போனார்கள். நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்னும் கோபன்ஹேகனில் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தஞ்சாவூர்த் தமிழ் நானூறு வருஷமாக அங்கே குடியிருக்கிறது. அதை யாரும் விசா கேட்கவில்லை.

எதிர்த்திசையில் போனவர் சீகன்பால்கு. ஜெர்மானியர், டென்மார்க் ராஜா அனுப்பிய பாதிரியார். 1705-ஆம் வருஷக் கடைசியில் கோபன்ஹேகனில் கப்பல் ஏறி, ஏழு மாதத்துக்கு மேல் கடலில் கிடந்து, 1706 ஜூலை 9-ந் தேதி தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். தமிழ் ஓர் எழுத்துத் தெரியாது. வயசான உபாத்தியாயர் ஒருவரின் பள்ளிக்கூடத்தைத் தம் வீட்டிலேயே நடத்தச் செய்து, குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதிப் பழகினார். அவர் 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்ததையும், 1719-ல் முப்பத்தாறாவது வயசில் தரங்கம்பாடியிலேயே காலமானதையும் எல்லோரும் சொல்வார்கள். எனக்கென்னவோ அந்த மணல்தான் பெரிதாகப் படுகிறது. மீசை முளைத்த மனுஷன், ஐந்து வயசுப் பொடியன்கள் சிரிக்கச் சிரிக்க, எழுதினதை அழித்து மறுபடி எழுதுவதென்றால் சும்மாவா?

எனக்கு வாய்த்த உபாத்தியாயருக்கும் வயசு ஐந்து. என் பேத்தி. நான் சொல்கிற தமிழ் அவளுக்குப் புரிகிறது. பதில் மட்டும் டேனிஷில்தான் வரும். வந்த புதிதில் இரண்டு வாரம் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே காலம் தள்ளினோம். ஒருநாள் அவள் வரைந்த படத்தில் 'மோர்' என்று எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, குழந்தை கேட்கிறதே என்று மோர் கலக்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அங்கே மோர் என்றால் அம்மா. அம்மாவின் அம்மா மோர்மோர். அம்மாவின் அப்பா, அதாவது நான், மோர்ஃபார். எழுதுவது இப்படி, சொல்லும்போது கடைசி எழுத்தை விழுங்கிவிட வேண்டும். நான் விழுங்காமல் சொன்னேன் என்பதுதான் அவளுக்கு என்மேல் உள்ள முதல் புகார்.

அன்றைக்கே பாடம் ஆரம்பமாகிவிட்டது. மணலுக்குப் பதில் ஜன்னல் கண்ணாடி. சமையலறையில் சாதம் கொதித்தால் கண்ணாடியில் ஆவி படியும். அவள் அதில் தலைக்கு மேல் வட்டம் போட்ட ஓர் 'ஆ' எழுதுவாள். நான் பக்கத்தில் நம் 'அ' போடுவேன். எண்கள் வந்தபோது நானே அசந்துபோனேன். எழுபது என்பதை மூன்றரை இருபது என்று கணக்குப் பண்ணித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்! அரைக்கால் வாய்ப்பாடு ஒப்பித்த என் தகப்பனார் இருந்திருந்தால் ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பார்.

அரிசி வாங்க ஓர் இலங்கைத் தமிழரின் கடைக்குப் போவேன். 1983 கலவரத்துக்குப் பிறகு வந்தவர். மேற்குக் கடற்கரையில் மீன் பதனிடும் ஆலையில் பல வருஷம் வேலை பார்த்தவர். குளிரைப்பற்றி நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு ஏலாட்டி நாளைக்கே பிளேன் ஏறலாம் ஐயா. எங்களுக்கு அப்ப அப்பிடி இல்லை" என்றார். அரிசிப் பையை அவரே தூக்கி என் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தக் கடையில் நான் குளிரைப்பற்றிப் பேசியதில்லை.

மார்கழியில் என் மனைவியின் திதி வந்தது. வாத்தியார் இல்லை, ஹோமம் இல்லை. காக்கைக்காவது ஒரு பிடி சாதம் வைக்க வேண்டாமா? பெண் ஆபீசுக்குப் போயிருந்தாள். நானே சமைத்து, எள் கலந்து, மாடி விளிம்பில் வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டேன். அங்கத்திக் காக்கைக்கு உடம்பு சாம்பல், தலையும் சிறகும் மட்டும் கறுப்பு. கோட்டுப் போட்டுக்கொண்ட குமாஸ்தா மாதிரி எதிர் மரத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்ததே தவிர வரவில்லை. என் கா-கா அதற்குப் புரியவில்லையோ என்னவோ. காற்று வந்தது. சாதமெல்லாம் கீழ்மாடியில், அந்த அம்மாள் துடைத்து வைத்திருந்த நாற்காலிமேல் விழுந்தது.

அவள் சாயங்காலம் வந்து, மிக மரியாதையாக, பறவைகளுக்குத் தீனி போட்டால் எலி வரும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"அப்பா, இது மாயவரம் இல்லே. கீழாத்து மாமி படியேறி வந்து சொல்லும்படி ஆயிடுத்து" என்றாள் பெண்.

"உங்க அம்மாவுக்குத்தான் வெச்சேன்."

அவளுக்கு அன்றைய திதி ஞாபகம் இல்லை. அது இப்போதுதான் நினைவு வந்தது என்பது அவள் முகத்தில் தெரிந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் வீட்டில் டேனிஷ் பஸ்ஸின் மௌனம். டிக்கட்டை முன்கூட்டி மாற்ற முடியுமா என்று மாப்பிள்ளையை ரகசியமாகக் கேட்டேன்.

டிசம்பர் 23-ந் தேதி இரவு அவர்களுக்குப் பால்சாதம் சாப்பிடுகிற வழக்கம். உருண்டை அரிசியைப் பாலில் குழைய வேகவைத்து, பட்டைப்பொடியும் சர்க்கரையும் தூவி, நடுவில் வெண்ணெய். அக்காரவடிசிலுக்குத் தூரத்துச் சொந்தம். வீட்டுப் பரணில் 'நிஸ்ஸ' என்று ஒரு சிவப்புத் தொப்பிக் குள்ளன் குடியிருக்கிறான், அவனுக்கும் ஒரு கிண்ணம் வைக்க வேண்டும் என்று பேத்தி சொன்னாள். வெண்ணெய் இல்லையென்று நினைத்து ஒரு நிஸ்ஸ மாட்டையே கொன்றுவிட்டதாம். பிறகு பார்த்தால் வெண்ணெய் அடியில் கிடந்ததாம்.

மாடிக் குடித்தனத்தில் பரண் ஏது? அலமாரியின் மேல்தட்டில் வைத்தோம். வைத்துவிட்டு அவள் யோசித்தாள். இன்னொரு சின்னக் கிண்ணம் எடுத்து வந்து, "மோர்மோர்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, தமிழில், "பாட்டிக்கு" என்றாள்.

என் பெண்தான் அதில் சாதம் போட்டாள். எனக்குக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. நான் ஜன்னல் பக்கம் போய்விட்டேன்.

காலையில் இரண்டு கிண்ணமும் காலி. பேத்தி நம்பிவிட்டாள். நான் மாப்பிள்ளையை ஒன்றும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பட்டை வாசனை அவருக்கு ஆகவே ஆகாது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.