அரை மில்லிமீட்டர் நியாயம்

மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் நெடுஞ்சாலையில் எட்டயபுரம் தாண்டினால் எப்போதும்வென்றான் என்று ஓர் ஊர் வரும். பெயர்ப்பலகையைப் பார்த்ததும் பஸ்ஸில் புதிதாக வருகிறவர்கள் கழுத்தை நீட்டி இன்னொரு தடவை படிப்பார்கள். "எப்போதுமா? ஒரு தடவைகூடத் தோக்கலையா?" என்று பக்கத்து சீட்டில் கேட்டால், "ஊரு பேருதான் சார் ஜெயிச்சிருக்கு. நமக்கு மழை பெஞ்சாத்தான் வெற்றி" என்று பதில் வரும். கரிசல்காட்டு ஆட்களுக்குப் பெருமையைவிட மழைதான் முக்கியம்.

எப்போதும் ஜெயிக்கிற ஒருவரைப் பார்த்தால் நமக்கு மரியாதை வருவதற்கு முன்னால் சந்தேகம் வந்துவிடுகிறது, கவனித்திருக்கிறீர்களா? தராசுத் தட்டைத் திருப்பிப் பார்க்கத் தோன்றும். அது தப்பில்லை. பந்தயம் என்று ஒன்று இருந்தால், தராசைத் திருப்பிப் பார்க்க ஒருவர் இருந்தே ஆகவேண்டும்.

இந்தப் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயங்களைப் பாருங்கள். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்துத்தான் ஓட விடுவார்கள். 'எல்லாம் மாடுதானே' என்று ஒரே கோட்டில் நிறுத்தினால் பூஞ்சிட்டுக்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். நியாயம் என்பது எதை எதோடு நிறுத்துவது என்கிற கணக்கு.

திருவிழாவில் பலூன் சுடும் கடையில் நீங்களும் காசு கொடுத்திருப்பீர்கள். நான் நிறையவே கொடுத்திருக்கிறேன். சிவப்பு பலூனைக் குறி வைத்தால் குண்டு மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவில் போய்ப் பலகையில் 'டொக்' என்று விழும். "அண்ணாச்சி, குறிமுள்ளு வளைஞ்சிருக்கே?" என்று ஒரு முறை கேட்டேன். "துப்பாக்கி நேராத்தான் இருக்கு தம்பி. மூச்சை அடக்கிச் சுடுங்க" என்றார். அந்தக் கடையில் அவர்தான் எப்போதும் வென்றான்.

ஆனால் யோசித்தால் அதிலும் ஒரு நியாயம் இருந்தது. வளைந்த துப்பாக்கி எல்லோருக்கும் வளைந்ததுதான். எனக்கு முன்னால் சுட்டவருக்கும் பின்னால் சுட்டவருக்கும் அதே குழல், அதே டப்பா ஈயக்குண்டு. நாலு குண்டு வீணானதும், கொஞ்சம் இடப்பக்கம் தள்ளிக் குறி வைக்க யாருக்கும் பிடிபட்டுவிடும்.

இதே ஏர்கன் ஒலிம்பிக்கில் வேறு சமாச்சாரம். அங்கே அவரவர் துப்பாக்கி, அவரவர் குண்டு.

10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் குறி அட்டையின் நடுப்புள்ளிதான் பத்து மதிப்பெண். அதன் குறுக்களவு எவ்வளவு தெரியுமா? அரை மில்லிமீட்டர். பேனாவை லேசாக ஊன்றி எடுத்தால் விழும் புள்ளி. அதைச் சுடுகிற பெல்லட்டின் குறுக்களவோ 4.5 மில்லிமீட்டர், புள்ளியைவிட ஒன்பது மடங்கு. குண்டு போட்ட ஓட்டையின் விளிம்பு புள்ளியைத் தொட்டாலே பத்து கிடைத்துவிடும்.

சிக்கல் அங்கேதான். விளிம்பு தொட்டால் போதும் என்றால், பெரிய ஓட்டை போடுகிறவருக்குத்தானே லாபம்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். 4.5 மி.மீ. குண்டின் மையம் நடுவிலிருந்து 2.5 மி.மீ. விலகினாலும் பத்து உண்டு. கடையில் கிடைக்கிற 5.5 மி.மீ. குண்டாக இருந்தால் 3 மி.மீ. விலகினாலும் பத்து. வித்தியாசம் அரை மில்லிமீட்டர்தான். ஆனால் 'பத்து' விழக்கூடிய பரப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். அதனால்தான் சர்வதேச விதி கறாராகச் சொல்கிறது: ஈயமோ வேறு மெதுவான பொருளோ, எந்த வடிவமும் இருக்கலாம். அளவு மட்டும் 4.5 மி.மீ. தட்டைத்தலைக் குண்டை எல்லோரும் விரும்புவதற்குக் காரணம், அது காகிதத்தைக் கிழிக்காமல் வட்டமாக வெட்டும் என்பதுதான். இப்போது பெரிய போட்டிகளில் கருவி மதிப்பெண் போடுகிறது. கணக்கு மட்டும் அதே 4.5தான்.

அரை மில்லிமீட்டருக்கா இவ்வளவு பாடு என்று கேட்கலாம். பத்துக்குள்ளேயும் 10.0 முதல் 10.9 வரை பிரிக்கிறார்கள். ரைபிளில் ஒவ்வொரு 0.1-க்கும் கால் மில்லிமீட்டர். 2008 பெய்ஜிங்கில் கடைசிக் குண்டுக்கு முன் அபினவ் பிந்த்ராவும் ஃபின்லாந்தின் ஹென்றி ஹாக்கினெனும் சமநிலை. பிந்த்ரா 10.8, ஹாக்கினென் 9.7. இந்தியாவுக்குத் தனிநபர் பிரிவில் முதல் ஒலிம்பிக் தங்கம் வந்தது. 2016 ரியோவில் அதே பிந்த்ரா ஒரு சமநிலையை உடைக்கச் சுட்டது 10.0. உக்ரைனின் குலிஷ் 10.5. பிந்த்ராவுக்கு நாலாம் இடம். இடைவெளி 1.25 மில்லிமீட்டர்.

பிந்த்ரா வசதியான வீட்டுப் பிள்ளை. சண்டிகர் பக்கத்தில் வீட்டிலேயே சுடுதளம் வைத்திருந்தவர். அதை எந்த விதியும் அளக்காது. ஆனால் ரியோவில் அந்தச் சுடுதளம் ஒரு மில்லிமீட்டரைக்கூட வாங்கித் தரவில்லை. ஓட்டையின் அளவில் மட்டும் பணக்காரரும் ஏழையும் சமம்.

டப்பாவுக்குள் சமமா என்றால், இல்லை. போட்டி பெல்லட்டுகளை 4.49, 4.50 என்று நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பார்த்துப் பிரித்து விற்கிறார்கள். பெரிய வீரர்கள் ஜெர்மனித் தொழிற்சாலைக்கே போய், துப்பாக்கியை வைஸில் இறுக்கி, எந்த லாட் குண்டு தங்கள் குழலுக்கு ஒத்துப்போகிறது என்று சுட்டுப் பார்த்து, அந்த லாட்டையே ஆயிரக்கணக்கில் வாங்கி வருகிறார்கள். விதிப்படி எல்லாம் சரி. கரிசல்காட்டுப் பள்ளிப் பிள்ளை ஒன்று கிடைத்த டப்பாவோடு மாவட்டப் போட்டிக்குப் போனால், அதுவும் விதிப்படி சரி.

கோவில்பட்டி ஹாக்கி ஊர். ஹாக்கியில் இரண்டு அணிக்கும் ஒரே பந்து. ஈட்டி எறிதலிலும் ஒருவர் கொண்டுவந்த ஈட்டியைப் போட்டியில் மற்றவரும் எடுத்து எறியலாம். டோக்கியோவில் நீரஜ் சோப்ராவின் ஈட்டி பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் கையில் இருந்ததை 2021-ல் சிலர் சர்ச்சையாக்கியபோது, அது விதிப்படி சரிதான் என்று நீரஜே சொன்னார். அப்படியானால் துப்பாக்கிச் சுடுதலிலும் எல்லோருக்கும் ஒரே டப்பா கொடுத்துவிட்டால் என்ன?

அங்கேதான் இடிக்கிறது. ஒரு குழலுக்குப் பிடித்த குண்டு இன்னொரு குழலுக்குப் பிடிக்காது. ஒரே குண்டை எல்லோருக்கும் கொடுத்தால், யார் குழலுக்கு அது பொருந்துகிறதோ அவருக்கு அதிர்ஷ்டம். பெரிய மாட்டையும் பூஞ்சிட்டையும் ஒரே கோட்டில் நிறுத்திய கதையாகிவிடும்.

சமமாகக் கொடுக்க வேண்டியது, குண்டைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைத்தான். மாவட்டத்துக்கு ஒரு சுடுதளம், அதில் ஒரு வைஸ், சுட்டுப் பார்க்க நாலைந்து லாட் டப்பாக்கள். ஒரு காலை நேரம் போதும், பிள்ளை தன் குழலுக்கு ஏற்றதைக் கண்டுபிடித்துவிடும். விளையாட்டுக்காக நாம் கட்டுகிற அலங்கார வளைவுகளின் செலவோடு ஒப்பிட்டால், இதெல்லாம் ஒரு செலவா?

அந்தப் பிள்ளை ஜெயிக்கட்டும், தோற்கட்டும். தோற்று வெளியே வரும்போது, "என் கை நடுங்கிடுச்சு சார்" என்று சொல்லும் உரிமையாவது அதற்கு இருக்க வேண்டாமா?