பி.எஸ்சி. முடித்துவிட்டு கருப்புக் கோட்டா?

புதுச்சேரியில் பி.எஸ்சி.யோ பி.காமோ முடித்த ஒருவர், "அடுத்து சட்டம் படிக்கப் போறேன்" என்று வீட்டில் சொன்னால் இரண்டு கேள்விகள் வரும். முதல் கேள்வி, "இதை மூணு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" அப்பா கேட்பது. இரண்டாவது கேள்வி அம்மாவிடமிருந்து வரும். "நம்ம சொந்தத்துல வக்கீல்னு ஒருத்தர்கூட இல்லையேப்பா, யார்கிட்ட போய்ச் சேருவ?"

அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் சுலபம். அம்மா கேட்டதுதான் உண்மையான கேள்வி!

முதலில் சுலபமானதைப் பார்த்துவிடலாம். இந்தியாவில் வக்கீல் ஆவதற்கு இரண்டு பாதைகள். பிளஸ் டூ முடித்ததும் ஐந்தாண்டுப் படிப்பில் சேர்வது ஒன்று. ஏதாவது ஒரு பட்டம் வாங்கிவிட்டு மூன்றாண்டு எல்.எல்.பி. படிப்பது இன்னொன்று. வேதியியலா, வணிகவியலா, பிரெஞ்சு இலக்கியமா என்று யாரும் கேட்பதில்லை. பொதுப் பிரிவினருக்குப் பட்டப் படிப்பில் 45 சதவீதம் இருந்தால் போதும். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 40. புதுச்சேரிக்காரர்களுக்கு அதிக அலைச்சலும் இல்லை, காலாப்பட்டில் டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். இது தபாலில் படிக்கிற படிப்பு இல்லை. வருகைப் பதிவு உண்டு. பகலில் வேலை, ஓய்வு நேரத்தில் சட்டம் என்பதெல்லாம் நடக்காது.

படித்து முடித்தால் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். நாடெங்கும் பல பார் கவுன்சில்கள் இதற்கு ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தன. 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் அதற்கு ஒரு முற்றுப்புள்ளி வைத்தது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தில் சொன்ன 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 125 ரூபாய்தான் என்று தீர்ப்பு. பதிவு செய்த இரண்டு ஆண்டுகளுக்குள் அகில இந்திய பார் தேர்வில் தேற வேண்டும். 100 கேள்விகள், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. குறிப்பு எழுதாத சட்டப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதலாம்.

ஆக, சட்டப்படி கதவு அகலமாகத்தான் திறந்திருக்கிறது. அடுத்த கதவில்தான் சிக்கல். அந்தக் கதவுக்குப் பெயர் சீனியர்.

ஜூனியராக இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்கிறதா? இல்லை. பதிவுக்கு முன் ஓராண்டு பயிற்சி கட்டாயம் என்று இந்திய பார் கவுன்சில் 1995இல் ஒரு விதி கொண்டுவந்தது. அப்படி விதி போட பார் கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை என்று 1999இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அதனால் ஏட்டளவில் பார்த்தால், பதிவு செய்த மறுநாளே கோட்டு போட்டுக்கொண்டு தனியாக வக்காலத்து தாக்கல் செய்யலாம். ஆனால் யார் தருவார்கள் கேஸ்? வாய்தா கேட்பது எப்படி, பாஸ் ஓவர் கேட்பது எப்படி, எந்த மனுவை எந்த மேஜையில் கொடுப்பது, குறுக்கு விசாரணையில் எந்தக் கேள்வியைக் கேட்காமல் விட வேண்டும், இதெல்லாம் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. கடலூர் சாலை நீதிமன்ற வளாகத்தில் சீனியருக்குப் பின்னால் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தால்தான் தெரியும்.

இங்கிலாந்தில் இதே விஷயம் வேறு மாதிரி நடக்கிறது. அங்கே சொலிசிட்டர் ஆக, 2021 செப்டம்பரிலிருந்து எஸ்.க்யூ.இ. என்ற பொதுத் தேர்வு வந்திருக்கிறது. எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கியிருந்தாலும் எழுதலாம். கூடவே இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கட்டாயம். பெரிய நிறுவனங்கள் இரண்டு வருடம் முன்கூட்டியே விளம்பரம் செய்து, விண்ணப்பம் வாங்கி, நேர்காணல் வைத்து ஆள் எடுக்கின்றன. சட்டம் படிக்காத பட்டதாரியை எடுத்தால் சட்டப் படிப்புக்கான செலவைக்கூட ஏற்கின்றன. பயிற்சிக் காலத்தில் மாதச் சம்பளம் உண்டு. போட்டி கடுமையானதுதான். வரிசையாக நிராகரிப்பு வாங்கி நொந்து போகிறவர்கள் அங்கேயும் ஏராளம். ஆனாலும் விண்ணப்பம் என்று ஒரு தாள் இருக்கிறது, கடைசித் தேதி இருக்கிறது, சம்பளம் இவ்வளவு என்று எழுதியிருக்கிறது.

புதுச்சேரியில் அந்தத் தாளே கிடையாது. "மாமாவுக்குத் தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் இருக்கார்" என்பதுதான் விண்ணப்பம். மாமா இல்லாதவர் என்ன செய்வார்?

நீதிமன்ற வாசலில் யார் எப்படி நுழையலாம் என்ற சண்டை இந்த ஊருக்குப் புதிதல்ல. 1873இல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற புதுச்சேரி வக்கீல், ஐரோப்பிய பாணியில் ஷூ போட்டுக்கொண்டு பிரெஞ்சு நீதிமன்றத்துக்குள் போனார். இந்தியர் அப்படி வரக் கூடாது என்று தடுத்தார்கள். மனிதர் விடவில்லை. பாரீஸில் இருந்த உச்ச நீதிமன்றம் வரை வழக்கைக் கொண்டுபோய் ஜெயித்தார். இன்றைக்கு வாசலில் யாரும் ஷூவைப் பார்ப்பதில்லை. பர்ஸ்தான் தடையாக இருக்கிறது. ஜூனியராக இருக்கும் முதல் மூன்று நான்கு வருடம் வீட்டிலிருந்து பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் பணம் வாங்க முடிகிறவர் தாக்குப்பிடிக்கிறார். முடியாதவர் அந்த கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறார். வக்கீலாக இருந்துகொண்டே முழு நேரச் சம்பள வேலை பார்க்கவும் பார் கவுன்சில் விதி அனுமதிப்பதில்லை. ஆகவே "ரெண்டையும் பாத்துக்கலாம்" என்ற வழியும் அடைப்பு.

வேறு பட்டம் முடித்து வருபவருக்கு இது இன்னும் வலிக்கும். ஐந்தாண்டுப் படிப்பில் சேர்ந்தவரைவிட அவருக்கு ஒரு வருடம் கூடுதலாகிறது. இடையில் வேலைக்குப் போய்விட்டு வந்தவர் என்றால் வயது இன்னும் கூடியிருக்கும். கூடப் படித்தவர்கள் வங்கியிலும் கம்பெனியிலும் சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பார்கள். இவர் அப்போதுதான் காலையில் சீனியர் ஆபீஸில் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருப்பார்.

இதில் ஒரு வெளிச்சம் புதுச்சேரி வழக்கு ஒன்றிலிருந்தே வந்தது. வழக்கறிஞர் நலநிதி தொடர்பாகப் புதுச்சேரி அரசுக்கு எதிராகத் தொடுக்கப்பட்ட ஒரு வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு, 2024 ஜூனில் ஜூனியர்களின் நிலையையும் கையில் எடுத்தது. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற இடங்களில் 15,000 ரூபாய் உதவித்தொகை தர வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரங்களில் 20,000, கிராமப்புறங்களில் 15,000 என்று பரிந்துரை செய்தது. பரிந்துரைதான், கட்டாயம் இல்லை.

பேப்பரில் இருக்கிற 15,000 பாக்கெட்டுக்கு வருமா? அது வேறு கதை. மாதம் பத்து கேஸ் வைத்திருக்கும் சிறிய சீனியர் எங்கிருந்து கொடுப்பார் என்ற கேள்வியும் நியாயமானதே. ஆனாலும் ஒன்று மாறியிருக்கிறது. ஜூனியர் பணம் கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணத்துக்கு எதிராக, "கோர்ட்டே சொல்லியிருக்கு சார்" என்று சொல்ல ஒரு வரி கிடைத்திருக்கிறது.

சரி, வேறு பட்டத்தால் லாபமே இல்லையா? நிறைய இருக்கிறது, புதுச்சேரியில் குறிப்பாக. பி.காம். படித்தவருக்கு ஜி.எஸ்.டி. தகராறும் செக் பவுன்ஸ் வழக்கின் கணக்கும் பயமுறுத்தாது. வேதியியல் படித்தவர் ஆய்வக அறிக்கையைப் புரிந்துகொண்டு கேள்வி கேட்பார். பிரெஞ்சு படித்தவர் கேட்கவே வேண்டாம். பிரெஞ்சு நோட்டேர் முன் எழுதிய பழைய சொத்துப் பத்திரங்கள் இன்றும் வழக்குகளில் வருகின்றன. 1881 ஆணையின்படி தங்கள் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற 'ரெனோன்சான்' குடும்பங்கள் இருக்கின்றன. 1962 ஆகஸ்ட் 16க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களும் இருக்கின்றன. இவர்களுடைய உயில், திருமணம், பாகப்பிரிவினை வழக்குகளில் பத்திரத்தை மூல மொழியிலேயே படிக்கிற ஜூனியர் கிடைத்தால் எந்த சீனியர் வேண்டாம் என்பார்?

இன்னொன்றும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. 302, 420 என்று மனப்பாடமாக வைத்திருந்த சீனியர்களும் புதிய எண்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். புதிதாக வருகிறவர் இந்த ஒரு விஷயத்தில் பின்தங்கியவர் இல்லை.

ஆகவே மாமா இல்லாதவர் செய்யக் கூடியது இதுதான். மூன்றாண்டுப் படிப்பின் கட்டாயப் பயிற்சிக் காலங்களைச் சான்றிதழுக்காக மட்டும் ஓட்டிவிடாமல், இரண்டு மூன்று வெவ்வேறு அலுவலகங்களில் போய் உட்கார வேண்டும். சீனியரிடம் போகும்போது "எதுவா இருந்தாலும் செய்றேன் சார்" என்று சொல்லாமல், "எனக்குக் கணக்கு வரும், எனக்குப் பிரெஞ்சு வரும்" என்று சொல்ல வேண்டும். மாதம் எவ்வளவு என்பதை முதல் நாளே கேட்டுவிட வேண்டும். கூச்சமாகத்தான் இருக்கும். அடுத்தவர் கூலிக்காகக் கோர்ட்டில் வாதாடப் போகிறவர், தன் கூலியைக் கேட்கக் கூச்சப்பட்டால் எப்படி?