கத்திக்கு முன் ஒரு கேள்வி

புற்றுநோய் என்றாலே நம் வீடுகளில் அடுத்து வரும் சொல், 'வெட்டி எடுத்துவிடுங்கள்' என்பதுதான். என் அம்மாவின் கழுத்தில் இருந்த 7 மில்லிமீட்டர் கட்டி, பப்பிலரி வகைத் தைராய்டு புற்றுநோய் என்று ஊசிப் பரிசோதனையில் உறுதியானபோது எங்கள் வீட்டிலும் அதுவே நடந்தது. "தள்ளிப் போடாதம்மா" என்று பெரிய மாமா அன்றிரவே போன் செய்தார்.

அம்மா தமிழ்ப்பள்ளி ஆசிரியை. குரல்தான் அவரின் மூலதனம். குரல்நாணை இயக்கும் நரம்பு தைராய்டு சுரப்பியை ஒட்டியே செல்கிறது. தேர்ந்த கைகளிலும் அந்த நரம்பு பாதிக்கப்படும் வாய்ப்பு சிறிதளவேனும் உண்டு. சுரப்பியை முழுவதும் அகற்றினால் ஆயுள் முழுக்கத் தினமும் மாத்திரை.

"வேற வழி இல்லையா டாக்டர்?" என்று அம்மா கேட்டார். இரண்டு வழிகள் இருந்தன.

ஒன்று, கண்காணித்துக் காத்திருப்பது. ஜப்பானின் கோபே நகரிலுள்ள குமா மருத்துவமனை, 1 சென்டிமீட்டருக்கு மிகாத கட்டிகளுக்கு 1993 முதல் இதைச் செய்து வருகிறது. 1,235 பேரைப் பற்றி 2014இல் வெளியான ஆய்வின்படி, பத்தாண்டுகளில் சுமார் 8 விழுக்காட்டினருக்கே கட்டி 3 மில்லிமீட்டர் வளர்ந்தது. அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை!

மற்றொன்று, ரேடியோ அலை வெப்பச் சிகிச்சை. கழுத்தை மட்டும் மரக்கச் செய்து, ஸ்கேன் திரையைப் பார்த்தபடி மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்துவார்கள். ஊசி முனையின் வெப்பத்தில் திசு மடிகிறது. மாதங்கள் செல்லச் செல்ல உடலே அதைக் கரைத்துவிடுகிறது. நரம்பில் சூடு படாதிருக்க இடையில் சர்க்கரைக் கரைசலைச் செலுத்துவதும் உண்டு. "சூடு போடுறாங்களா?" என்றார் பாட்டி. ஏறக்குறைய அதேதான்!

ஆனால், இவை எல்லாருக்கும் பொருந்தா. நிணநீர்க் கணுவுக்குப் பரவியிருந்தாலோ, கட்டி மூச்சுக்குழாயையோ நரம்பையோ ஒட்டியிருந்தாலோ அறுவைச் சிகிச்சையே நல்லது. வெப்பத்தில் மடிந்த கட்டியை முழுதாக எடுத்து ஆய்வுக்கு அனுப்பவும் இயலாது.

அம்மா கண்காணிப்பைத் தேர்ந்தெடுத்தார். ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஸ்கேன். இரண்டு ஆண்டுகளாக அதே 7 மில்லிமீட்டர். ஸ்கேன் நாளுக்கு முந்திய இரவு எங்கள் வீட்டில் யாருக்கும் தூக்கம் வருவதில்லை. அதுவே இவ்வழியின் விலை.

நண்பர்களே, பட்டப்படிப்பு படிக்கும் நாம் பெற்றோருடன் கிளினிக்கிற்குச் செல்வோம். கட்டி எவ்வளவு பெரியது, எங்கே இருக்கிறது, பரவியுள்ளதா, வேறு வழி உண்டா என்று கேட்போம். கிடைக்கும் பதிலை அவர்களுக்குப் புரியும் தமிழில் சொல்வோம். முடிவு அவர்களுடையதாகட்டும்.