பனி படும் பிள்ளை

"மிளகாய்க் கண்டை வெளியில விடாத, பனி படும் பிள்ளை." மார்கழி பிறந்தால் அம்மம்மா சொல்லுற வசனம் இது. சண்டிலிப்பாயில் எங்கட முற்றத்து மாமரத்துக்குக் கீழே, பொழுதுபட முதல் சாடிகள் எல்லாம் வரிசைக்கு வந்துவிடும். எனக்குச் சிரிப்பு வரும். இஞ்ச படுகிற பனி சைக்கிள் சீற்றை நனைக்கும், அவ்வளவுதானே. அந்த மரத்தைத் தறித்துவிட்டு ஒரு அறை கட்டுவோம் என்று அப்பா சொன்னபோது நானும் ஓமெண்டேன். "ஒரே சருகுதானே" என்றும் சொன்னேன். அம்மம்மா ஒன்றும் கதைக்கவில்லை.

போன தை மாதம், கம்பஸ் லீவில் நுவரெலியாவுக்குச் சிநேகிதி வீட்டுக்குப் போனேன். அம்மம்மா விதை எடுத்து முளைக்க வைத்த இரண்டு மிளகாய்க் கன்றுகளும் என்னோடு வந்தன. ஒன்றைச் சிநேகிதியின் அம்மா சைப்பிரஸ் மரத்தடியில் வைத்தா. மற்றதை நான்தான், "வெயில் படட்டும் அன்ரி" என்று வெட்டையில் வைத்தேன்.

அன்றிரவு முகிலும் இல்லை, காற்றும் இல்லை. விடியப் பார்த்தால் புல்லெல்லாம் மாத் தூவினமாதிரி வெள்ளை. அங்கே அதைப் பூப்பனி என்கிறார்கள். வெயில் ஏற ஏற என் கன்று கறுத்து, அவிச்ச கீரை மாதிரித் தொங்கியது. பாத்தியில் நின்ற போஞ்சிக்கும் அதே கதி. மரத்தடிக் கன்றுக்கு ஒன்றுமில்லை.

பிறகுதான் தேடி வாசித்தேன். பனி மேலே இருந்து விழுவதில்லை. பகலில் வாங்கிய சூட்டை இலை இரவில் வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். முகில் இல்லாத இரவில் அது திரும்பி வருவது குறைவு. அதனால் காற்று 3 பாகையில் நிற்கும்போதே இலை 0 பாகைக்குக் கீழே போகலாம். அப்போது இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து கலங்களைச் சிதைத்துவிடும். மேலே மரம் இருந்தால், வானத்தைவிடச் சூடான அதன் இலைகள் கொஞ்சச் சூட்டைத் திருப்பித் தரும். இலை உதிர்ந்த மரத்தால் அந்த அளவு பயன் இல்லை. குளிர்காற்று தண்ணீர் மாதிரி வழிந்து தேங்குகிற பள்ளத்தில் மரமும் பெரிதாக உதவாது.

வீட்டுக்கு வந்து ஒரு விடியப்புறம் பார்த்தேன். முற்றத்தில் விட்ட சைக்கிள் நனைந்திருந்தது. மாமரத்தடியில் நின்ற அப்பாவின் மோட்டார் சைக்கிள் காய்ந்திருந்தது. அதே கணக்குத்தான், இஞ்ச உறையிறதில்லை, அவ்வளவுதான்.

கன்று செத்த கதையைச் சொன்னேன். அம்மம்மா ஒன்றுதான் கேட்டா: "மரத்துக்குக் கீழ வைக்கேல்லையோ?"

அப்பாவோட இன்னும் கதைக்கவில்லை. இந்தக் கிழமை கதைக்கோணும்.