இருபத்திரண்டாம் செக்டர்

சண்டிகருக்குச் செல்வோர் சட்டமன்றம், உயர்நீதிமன்றம், தலைமைச் செயலகம் என்னும் மூன்று கொங்கிறீற் மாளிகைகளையும் சுக்னா ஏரியையும் பார்த்துவிட்டு மாலையே திரும்பிவிடுவது வழக்கம். நாம் அவற்றை மறுநாளுக்கு ஒத்திவைத்தோம். 17ஆம் செக்டர் பஸ் நிலையத்தில் இறங்கி, எதிரேயுள்ள அகன்ற வீதியைக் கடந்து, 22ஆம் செக்டருக்குள் நுழைந்தோம். அந்நகரில் முதன்முதலாக எழுந்த குடியிருப்புப் பகுதி அதுவே.

1947இல் பஞ்சாப் இரண்டாகப் பிளவுண்டபோது தலைநகரான லாகூர் பாகிஸ்தானைச் சேர்ந்தது. இந்தியப் பக்கத்துப் பஞ்சாபுக்குத் தலைநகரும் இல்லை. அங்கு வந்து குவிந்த அகதிகளுக்கு வீடும் இல்லை. ஆகவே சிவாலிக் மலையடிவாரத்தில், வயல்களும் மாந்தோப்புகளும் சூழ்ந்த சிற்றூர்களை அப்புறப்படுத்திப் புதுநகர் அமைக்கத் தொடங்கினர். வீடிழந்தோருக்கு இடமளிப்பதற்காக வேறு சிலர் வீடிழந்தனர் என்பதைச் சொல்லாமல் விடுவது முறையன்று. 1953இல் ஜனாதிபதி இராஜேந்திர பிரசாத் நகரைத் திறந்துவைத்தார்.

நகரின் திட்டத்தை 1951இல் வகுத்தவர் லெ கோர்பூசியே. நிலத்தை 1,200 மீற்றர் நீளமும் 800 மீற்றர் அகலமுமான பகுதிகளாக வகுத்து, அவற்றுக்குப் பெயர் சூட்டாமல் எண் இட்டனர். ஒவ்வொரு செக்டருக்கும் பாடசாலை, கடைகள், பூங்கா ஆகியன உள்ளேயே உண்டு. பிள்ளைகள் பெருவீதியைக் கடக்காமல் பாடசாலைக்குச் சென்று வரலாம். வீடுகள் பெருவீதிக்கு முதுகைக் காட்டி உட்புறம் நோக்கி நிற்கின்றன. கடைவீதியில் வெயில் படாத பக்கத்தில் மட்டுமே கடைகளை அமைக்க வேண்டும் என்பதும் திட்டம். பட்டணங்களிற் கொளுத்தும் வெயிலில் மாதச் சாமான் வாங்கிப் பழகிய எமக்கு இவ்விதி மிகவும் பிடித்திருந்தது.

மாளிகைகளில் கோர்பூசியே கருத்தைச் செலுத்த, மக்களுக்கான வீடுகளை அவருடைய உறவினர் பியர் ஜெனரேயும், ஆங்கிலத் தம்பதியரான மக்ஸ்வெல் பிரையும் ஜேன் ட்ரூவும் வரைந்தனர். அரசாங்க ஊழியரின் வீடுகள் சம்பளத்துக்கேற்ப முதலில் 13 வகையாக்கப்பட்டன. முதல் வகை முதலமைச்சருக்கு. பதின்மூன்றாவது கந்தோர்ப் பியோனுக்கு. (13 என்ற எண்ணுடைய செக்டர் நெடுங்காலம் அந்நகரில் இருக்கவில்லை. அந்த எண்ணைச் செக்டருக்கு ஆகாதென விலக்கியவர்கள் பியோனுக்கு ஆகுமென்று கொண்டனர் போலும்!)

அந்தப் பதின்மூன்றாம் வகை வீட்டைத்தான் நாம் காண விரும்பினோம். ஜேன் ட்ரூ அமைத்த வரிசைகள் 22ஆம் செக்டரில் உள்ளன. செங்கற் சுவர், விலையுயர்ந்த கண்ணாடியைக் குறைத்து, காற்று நுழையத் துளைகள் விட்டுக் கட்டிய செங்கற் பின்னல். இரண்டு அறைகள், சமையலறை, குளியலறை, தண்ணீர் வசதியுடன் கூடிய மலசலகூடம், ஒரு சிறு முற்றம். இவ்வளவே. ஆயினும், அக்காலத்தில் கந்தோர்ச் சிற்றூழியர் ஒருவருக்கு அரசாங்கம் இவற்றையெல்லாம் ஒரே கூரையின்கீழ் அளித்தது எளிய காரியமன்று. மாளிகைகளை விட இதுவே அந்நகரின் பெருஞ்சாதனை என்பது எமது எண்ணம். ஆனால், அந்தச் செங்கல்லைச் சுமந்த கூலியாட்களுக்கு வரைபடத்தில் நிரந்தர இடமில்லை. பதின்மூன்று படிகளுக்கும் கீழே நின்ற அவர்கள் குடிசைகளில் வாழ்ந்தனர்.

இன்று கடைவீதியில் கைத்தொலைபேசிக் கடைகளின் விளம்பரப் பலகைகள் தூண்களை மறைக்கின்றன. சாஸ்திரி சந்தையில் துணி வாங்கும் பெண்களின் கூட்டத்தில் நடப்பதே சிரமம். உள்வீதிகளிலோ மரநிழலும் அமைதியும். பல சுவர்களில் காரை உதிர்ந்துள்ளது. சில முற்றங்களைத் தகரக் கூரையிட்டு மூடிவிட்டனர். குடும்பம் பெருகினால் வரைபடம் என்ன செய்யும்?

பூங்கா வாங்கில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம் எமது அரைகுறை இந்தியில் பேச்சுக் கொடுத்தோம். அவருடைய தந்தையார் லாகூரை விட்டு வந்து இங்கு பியோனாக வேலை பார்த்தவராம். எதிர் வரிசையில் ஒரு கதவைச் சுட்டிக்காட்டி, "நான் பிறந்தது அங்கே" என்றார். கோடை இரவுகளில் அனைவரும் வெளியே கயிற்றுக் கட்டில் போட்டு உறங்கியதையும், அடுத்த வீட்டு ரொட்டியின் மணத்தையும் விரிவாகச் சொன்னார். தந்தையார் ஓய்வு பெற்றதும் திறப்பை அரசாங்கத்திடம் ஒப்படைக்க நேர்ந்தது, விதி அப்படி. இப்பகுதியில் சொந்தமாக வீடு வாங்குவது அவர்களுக்குக் கனவிலும் இயலாத காரியம். அயல் நகரான மொகாலியில் வாடகைக்கு இருக்கிறார்.

"பின்னே, தினமும் இவ்வளவு தூரம் வருகிறீர்களா, ஐயா?" என்று கேட்டோம்.

அந்தக் கதவு திறந்தது. ஒரு சிறுமி துவிச்சக்கர வண்டியை வெளியே உருட்டி வந்தாள். அவள் திருப்பத்தில் மறையும்வரை பார்த்திருந்த பெரியவர், மொகாலி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்தார்.