கதவுக்கு முட்டுக் கொடுத்த கல்

சிட்னி நகரத்துக் கம்பெனி ஒன்றில், கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஏதோ மரம் கல்லாய்ச் சமைந்தது என்று எண்ணம். 1900-ஐ ஒட்டி, அங்கே வேலை பார்த்த ஆல்பர்ட் எல்லிஸுக்கு அதன்மேல் சந்தேகம் வந்தது. பரிசோதித்தார். உயர்ந்த ரக பாஸ்பேட்! உரம் தயாரிக்க உதவும் சரக்கு. கல் வந்த ஊர், நவுரு.

நவுருவா, அது எங்கே என்கிறீர்களா? பசிபிக் மகாசமுத்திரத்தில், பூமத்திய ரேகைக்குச் சற்றுத் தெற்கே. மொத்தமே 21 சதுர கிலோமீட்டர். ஜனத்தொகை சுமார் 12,000. கரையோரச் சாலையில் காரில் புறப்பட்டால் அரை மணியில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். அவ்வளவுதான் தேசம்!

கரையில் தென்னையும் வீடுகளும். நடுவே மேடு, அங்கேதான் பாஸ்பேட். முதல் உலக யுத்தத்துக்குப் பின் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து மூன்றும் கூட்டாக வெட்டின. ஆஸ்திரேலியாவில் பயிர் செழித்தது. நவுருவில் பள்ளம் விழுந்தது.

1968-ல் சுதந்திரம். 1970-ல் சுரங்கமும் நவுரு அரசின் கைக்கு வந்தது. அப்புறம் பணம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. வருமான வரி கிடையாது. வைத்தியம் இலவசம். சொந்த விமானக் கம்பெனி! மெல்போர்னில் 52 மாடிக் கட்டிடம்! போதாதென்று, 1993-ல் லண்டனில் லியனார்டோ டாவின்சியைப் பற்றி ஒரு சங்கீத நாடகத்துக்கும் முதல் போட்டார்கள். சில வாரங்களில் அது படுத்துவிட்டது. பிறந்த வீட்டு நகையை விற்று மத்தாப்பு வாங்கிய கதைதான்.

அடுப்பங்கரை சமாசாரமும் கொஞ்சம் கேளுங்கள். மீனும் தேங்காயும் சாப்பிட்டவர்கள், கப்பலில் வரும் அரிசிக்கும் டப்பா இறைச்சிக்கும் சர்க்கரைக்கும் பழகிவிட்டார்கள். நீரிழிவு மிக அதிகமாக உள்ள நாடுகளில் இன்று நவுருவும் ஒன்று. நதி கிடையாது, குடிநீருக்கு மழையையும், உப்பு நீக்கிய கடல்நீரையும் நம்ப வேண்டும்.

பாஸ்பேட் குறைந்தது, கடன் ஏறியது. 2004-ல் மெல்போர்ன் கட்டிடம் கை மாறியது. 2005-ல் கடைசி விமானத்தையும் கடன்காரர்கள் கொண்டுபோனார்கள். மேட்டில் மிஞ்சியவை ஈட்டிகள் போல நிற்கும் சுண்ணாம்புப் பாறைகள். தீவில் ஐந்தில் நான்கு பங்கு இப்படி!

இன்றைய வருமானம்? அயல்நாட்டுக் கப்பல்கள் சூரை மீன் பிடிக்கக் கட்டும் கட்டணம் ஒன்று. 2001-ல் தொடங்கி, இடையில் சில வருஷம் நின்று, 2012-ல் மறுபடி வந்த அகதி முகாமுக்காக ஆஸ்திரேலியா கொடுக்கும் பணம் இன்னொன்று. ஊரார் வேண்டாம் என்று தள்ளியவர்களை வைத்துக் காப்பதே ஒரு தேசத்துக்கு ஜீவனமாகிவிட்டது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது கடல் மட்டம் உயர்கிறது. வீடுகளோ கரையில். ஒதுங்க இருப்பது அந்த வெட்டி எடுத்த மேடு ஒன்றுதான். பாறைகளைச் சமன் செய்து அங்கே குடியேறத் திட்டம் போட்டிருக்கிறார்கள். அந்தச் செலவுக்காக, அயல்நாட்டாருக்குக் குடியுரிமை விற்கிறார்கள். 2025-ல் அதன் ஆரம்ப விலை 1,05,000 அமெரிக்க டாலர்.