குழந்தைகளோடு மத்தியதரைக் கடலில்

ஜெர்மனியில் வேலை பார்க்கும் எங்கள் மைத்துனர் 2024-ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு நாகபுரி வந்திருந்தார். இலையில் உட்கார்ந்திருக்கும்போதே, "அத்தான், அடுத்த கோடைக்கு அக்காவையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு ஐரோப்பாவுக்கு வாருங்கள். விமானச் செலவு என்னுடையது, மற்றது உங்களுடையது. ஊருக்கு ஊர் ஓட்டல் மாறினால் குழந்தைகள் தாங்கமாட்டார்கள். கப்பலில் ஏறிவிட்டால் ஓர் அறை, ஒரு படுக்கை, ஊர்கள்தாம் நம்மைத் தேடி வரும்" என்றார். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருந்தது. அந்த 'மற்றது' நாங்கள் ஐந்தாண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த தொகையை ஏறக்குறைய முழுவதும் விழுங்கவல்லது என்பது பின்னரே தெரிந்தது. இரயில்வே பாஸ் கடலில் செல்லாதன்றோ!

ஊரிலிருந்து வந்திருந்த பாட்டியார் மட்டும், "இரண்டு வயதுப் பிள்ளைக்கு ரோமாபுரி எதற்கு? அவனுக்கு என்ன நினைவிருக்கப் போகிறது?" என்று கேட்டார். மூத்தவளுக்கு அப்போது ஆறாவது வயது நடந்துகொண்டிருந்தது. பாட்டியாருக்கு விடை சொல்ல எங்களால் இயலவில்லை. ஆயினும் ஆசை விடவில்லை.

நம் சங்கத்து அன்பர் சிலர் இத்தகைய பிரயாணத்தைப் பற்றி எங்களிடம் விசாரிக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படக்கூடும் என்று, நாங்கள் தேர்ந்தெடுத்த முறையையும், தேர்வில் செய்த பிழையையும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் கப்பல் நிறுவனங்களின் விளம்பரக் கையேடுகளைப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். அவற்றில் ரோம், பிளாரன்ஸ், வெனிஸ், பாரிஸ், பெர்லின் என்று பெரிய பெரிய நகரங்களின் பெயர்கள் வரிசையாக நிற்கும். இவற்றுள் கப்பல் நிற்கும் இடம் வேறு, நகரம் வேறு. ரோம் என்றால் கப்பல் நிற்பது சிவிதாவெக்கியா என்னும் துறையில். அங்கிருந்து ரோம் நகரம் சுமார் 70 கிலோமீட்டர். பிளாரன்ஸுக்கு லிவோர்னோ, இடையில் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். பாரிஸுக்கு லெ ஹாவ்ர். சுமார் 200 கிலோமீட்டர். பெர்லினுக்கு வார்னெமுண்டே, அது 200-க்கும் மேல். வெனிஸின் கதை இன்னும் விசேஷமானது. பெரிய கப்பல்கள் நகரின் நடுவே செல்லும் ஜூடெக்கா கால்வாயில் நுழையலாகாது என்று இத்தாலிய அரசாங்கம் 2021 ஆகஸ்டு முதல் தடுத்துவிட்டது. அதன்பின் சில கப்பல்கள் ராவென்னா என்ற தொலைதூரத் துறையில் நின்றுகொண்டு, கையேட்டில் மட்டும் வெனிஸ் என்று அச்சிடுகின்றன.

எங்களுக்கு இது புதிய வித்தை அன்று. மதுரைப் பாதையில் கொடைக்கானல் ரோடு என்ற நிலையம் இருக்கிறது. அதில் இறங்கிவிட்டு, 'ஏரி எங்கே?' என்று கேட்பவர் உண்டு. ஏரிக்கோ இன்னும் 80 கிலோமீட்டர் மலையேற வேண்டும். பெரியவர்கள் கொடைக்கானல் ரோட்டில் இறங்கிப் பஸ் பிடிக்கலாம். தள்ளுவண்டியும், பால் புட்டியும், டயாபர்ப் பையும், பகல் உறக்கம் தவறினால் ஊரையே கூட்டும் ஒரு பிள்ளையும் உடன் இருந்தால், அந்தத் தூரம்தான் பிரயாணத்தின் தலைவிதியை நிர்ணயிக்கிறது. எனவே ஒவ்வொரு துறைக்கும் நேராக, கப்பலிலிருந்து நடந்து போகக்கூடியது எது, வண்டியேற வேண்டியது எது என்று ஒரு தாளில் எழுதி வைத்தோம். கையேட்டைவிட அந்தத் தாளே எங்களுக்கு உதவிற்று.

வழிகளில் முதலில் கவர்ந்தது நார்வே. அங்கே பிளாம் என்ற சிற்றூரில் கப்பல் நின்றால், கரையிலேயே இரயில் காத்திருக்கும். 20 கிலோமீட்டர்ப் பாதை, கடல் மட்டத்திலிருந்து 860 மீட்டருக்கும் மேலே ஏறுகிறது, சரிவு சில இடங்களில் 18-க்கு 1, பற்சக்கரம் கிடையாது. நம் நீலகிரி இரயில் 12-க்கு 1 ஏறுவது மெய்தான். ஆனால் அது பற்சக்கரத்தின் துணை கொண்டு ஏறுகிறது. எங்களில் ஒருவர் இரயில்வே எழுத்தராக இருப்பதால் இந்த வழிக்காக மூன்று நாள் வாதாடினார். நார்வேக்கு ஏற்றது ஜூலை, ஆகஸ்டு. நம் பள்ளி விடுமுறையோ மேயில். கம்பளி ஆடைகளின் செலவும் சேர்ந்துகொண்டது. வாதம் தோற்றது.

கிரேக்கத் தீவுகளையும் பார்த்தோம். சாந்தொரீனியில் கப்பல் கரையை ஒட்டி நிற்பதில்லை. கடலில் நங்கூரமிட்டு, சிறு படகுகளில் ஆட்களை இறக்குகிறார்கள். கரையிலிருந்து ஊருக்கு ஏற ஏறத்தாழ 600 படிகள். அல்லது கம்பிவட வண்டிக்கு வரிசை. தள்ளுவண்டியை நினைத்ததும் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டோம். ரைன், டான்யூப் நதிக் கப்பல்கள் அழகியவை. ஆனால் அவற்றை நடத்துவோரில் பலர் சிறு குழந்தைகளை ஏற்பதே இல்லை.

முடிவில் 2025 மே மாதக் கடைசி வாரத்தில் பார்சிலோனாவில் ஏறி, மார்செய், ஜெனோவா, சிவிதாவெக்கியா, பலெர்மோ, மால்டாவின் வலெட்டா என்று சுற்றி, ஒரு நாள் முழுதும் கடலில் கழித்து, மீண்டும் பார்சிலோனாவில் இறங்கும் ஏழு இரவுப் பிரயாணத்தைத் தேர்ந்தோம். நாகபுரியில் வெயில் 44 டிகிரி காயும் அந்நாட்களில் ரோமில் பெரும்பாலும் 25-ஐ ஒட்டியே இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் அங்கும் வெயில் வாட்டும். ஐரோப்பியப் பள்ளிகளின் விடுமுறையால் கட்டணமும் ஏறும்.

இந்த நாடுகள் யாவும் ஷெங்கன் ஒப்பந்தத்தில் உள்ளவையாதலால் ஒரே விசா போதும். பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குள் 45, ஆறுக்குக் கீழ் இலவசம். எங்கள் மூத்தவள் விண்ணப்பம் போடுவதற்குச் சரியாக இரண்டு வாரம் முன்பு ஆறாவது பிறந்தநாள் கொண்டாடியிருந்தாள்! அரசாங்க உத்தியோகஸ்தர்கள் ஆட்சேபணை இல்லை என்ற சான்றிதழுக்கு முன்னதாகவே எழுதிப்போட வேண்டும். எங்களுடையது எத்தனை மேசை சுற்றி வந்தது என்பதைச் சொல்லாதிருப்பதே நலம்.

அறையைப் பற்றி இரண்டொரு வார்த்தை. இரயிலில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை டிக்கட்டின்றி மடியில் வரும். கப்பலில் அவ்வாறன்று, கைக்குழந்தையும் ஒரு தலையே. உயிர்காப்புப் படகில் அதற்கும் இடம் கணக்கிடவேண்டி இருப்பதே காரணம். ஆறு மாதம் நிரம்பாத குழந்தையைப் பெரும்பாலான கப்பல்கள் ஏற்பதில்லை. சாளரமில்லாத உள்ளறை மலிவு. விளக்கை அணைத்தால் பகலிலும் கும்மிருட்டு. அதைக் குறையென்று எண்ணித் தயங்கினோம். நண்பகல் உறக்கத்திற்கு அதைப்போல் உகந்த இடம் வேறில்லை என்பதைச் சின்னவன் இரண்டாம் நாளே மெய்ப்பித்தான். குழந்தைகளை விட்டுச் செல்லும் விளையாட்டுக் கூடம் மூன்று வயதிலிருந்துதான். டயாபர் கட்டிய குழந்தையை நீச்சற்குளத்தில் இறக்கவும் எங்கள் கப்பலில் அனுமதி இல்லை. இரண்டு வயதுப் பிள்ளையோடு செல்பவர்கள் இவற்றை எதிர்பார்த்துப் பணம் கட்டவேண்டாம்.

இனி உணவு. குழந்தைகளின் தாயார், கணவருக்கும் தெரியாமல், சிறிய மின்சாரச் சோற்றுப் பானை ஒன்றைப் பெட்டியில் வைத்திருந்தார். தீ விபத்துக்கு அஞ்சி, சூடேற்றும் கருவி எதையும் கப்பலில் விடுவதில்லை. பெட்டிகளை ஊடுகதிரில் பார்ப்பவர்கள் பானையைக் கண்டுபிடித்து, சீட்டு எழுதிக் கொடுத்து, கடைசி நாளில் திருப்பித் தந்தார்கள். ஆனால் உணவுக்கூடத்தில் வெறுஞ்சோறும் தயிரும் நாள்தோறும் இருந்தன. சமையற்கட்டில் வேலை பார்த்த கன்னியாகுமரி மாவட்டத்து அன்பர் ஒருவர், நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டு அருகில் வந்தார். மறுநாள் முதல் குழைய வடித்த சோறு ஒரு கிண்ணம் எங்கள் மேசைக்குத் தனியே வந்தது. அவருக்கும் ஊரில் இரண்டு வயதில் ஒரு மகன் இருக்கிறானாம். பார்த்து ஏழு மாதம் ஆயிற்றாம். சின்னவனைத் தூக்கலாமா என்று கேட்டுத் தூக்கிக்கொண்டார். அதிகம் பேசவில்லை.

கப்பல் புறப்படுமுன் எல்லோருக்கும் ஆபத்துக்காலப் பயிற்சி நடத்துகிறார்கள். 2012 ஜனவரி 13 அன்று கோஸ்டா கான்கார்டியா என்ற கப்பல் இத்தாலியின் ஜீலியோ தீவருகே பாறையில் மோதிச் சாய்ந்து, 32 பேர் மாண்டனர். அன்று சிவிதாவெக்கியாவில் புதிதாக ஏறியவர்களுக்கு அதுவரை பயிற்சி நடக்கவில்லை. அதன்பின் விதியைத் திருத்தினார்கள். எங்கள் குழந்தைகள் இருவர் கையிலும், அவர்கள் கூடவேண்டிய இடத்தின் எண் பொறித்த பட்டையைக் கட்டினார்கள். குழந்தை அளவு மிதவைச் சட்டை அறையில் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொள்வது நம் பொறுப்பு.

மார்செயில் நாங்கள் ஊருக்குள் போகவில்லை. சின்னவனுக்கு இலேசான சுரம். ஜெனோவாவில் பழைய துறையின் கரையில் 1992-இல் திறந்த பெரிய மீன் காட்சிச்சாலை இருக்கிறது. கப்பலிலிருந்து மெல்ல நடந்தே போய், உண்டு, உறங்கும் நேரத்திற்குத் திரும்பிவிட்டோம். அந்த வெற்றி எங்களுக்குத் தலைக்கேறிற்று போலும்.

நான்காம் நாள் சிவிதாவெக்கியா. எங்கள் தாளிலேயே அதற்கு நேராக 'வண்டி, 70 கிலோமீட்டர், தூக்கம் கெடும்' என்று எழுதியிருந்தோம். ஆனால் ரோமாபுரியை இவ்வளவு அருகில் வந்து பாராமல் போவதா? மாலை ஏழு மணிக்குக் கப்பல் புறப்பாடு, 6.30-க்குள் ஏறிவிட வேண்டும். இரயிலில் சான் பியெத்ரோ நிலையத்தில் இறங்கி, தேவாலயத்தை மட்டும் பார்த்துத் திரும்புவதாகத் திட்டம். 2025 கத்தோலிக்கரின் யூபிலி ஆண்டு. சதுக்கம் நிறைய யாத்திரிகர். வரிசையிலேயே நண்பகல் கடந்தது. திரும்பியிருக்கலாம். "கொலோசியத்தை வெளியிலிருந்து ஒருமுறை…" என்று எங்களில் ஒருவர் தொடங்கினார், மற்றவர் மறுக்கவில்லை. அங்கே சின்னவன் உறக்கமின்றிக் கதறத் தொடங்கினான். மூத்தவள், கால் வலிக்கிறது என்று கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

டெர்மினி நிலையத்துக்குள் நுழைந்தபின் நேரம் போதுமென்று நினைத்தோம். சிவிதாவெக்கியா வண்டியின் பிளாட்பாரமோ நிலையத்தின் ஒரு கோடியில் இருந்தது. ஒருவர் தோளில் மகன், ஒருவர் கையில் மகள், நடுவில் தள்ளுவண்டி. நாங்கள் போய்ச் சேரும்போது வண்டி எங்கள் கண்ணெதிரே நகர்ந்தது. 'வண்டி யாருக்காகவும் நிற்காது, ஐயா' என்று பதினொரு ஆண்டுகளாகப் பிறருக்குச் சொல்லிவந்த வாய் அன்று அடைத்துப் போயிற்று. அடுத்த வண்டி அரை மணி கழித்து. வழியெல்லாம் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கடவுச்சீட்டுகள் கப்பல் அறையில், மருந்து அங்கே, துணி அங்கே, கைவசம் 60 யூரோவும் இரண்டு டயாபரும். கப்பல் போய்விட்டால் அடுத்த துறைக்கு நம் செலவில்தான் போய்ச் சேரவேண்டும். சிவிதாவெக்கியாவில் இறங்கும்போது மணி 6.05. நிலையத்திலிருந்து துறைமுக வாயிலுக்கு ஒரு பஸ், வாயிலிலிருந்து கப்பலுக்கு இன்னொன்று. ஏணிப்படியில் கால் வைத்தபோது 6.24. அட்டையைச் சரிபார்த்த பணியாளர் கடிகாரத்தைப் பார்த்து முறுவலித்தார். மூத்தவள் மட்டும், "அப்பா, நாம் நாளைக்கும் ஓடணுமா?" என்று கேட்டாள்.

மறுநாள் பலெர்மோ. கப்பல் நகரத்தை ஒட்டியே நின்றது. எங்கும் போவதில்லை என்று தீர்மானித்து, பத்து மணிக்கு மேல் இறங்கிக் கரையோரமாக நடந்தோம். மரீனா சதுக்கத்தில் கரிபால்டி தோட்டம் என்று ஒரு பூங்கா; அதில் ஒரு பிரம்மாண்டமான மரம். ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட அத்தி இனம். 19-ஆம் நூற்றாண்டில் நட்டது. கிளைகளிலிருந்து விழுதுகள் இறங்கி மண்ணில் ஊன்றித் தூண்களாகி, நம் ஊர் ஆலமரம் போலவே நிற்கிறது. குழந்தைகள் இருவரும் வேர்களுக்கிடையே புகுந்து இரண்டு மணி நேரம் ஒளிந்து விளையாடினார்கள். நாங்கள் பெஞ்சியில் உட்கார்ந்து ரொட்டி தின்றோம். காசு ஒன்றும் செலவில்லை. முந்தைய நாள் பேசாதிருந்ததையெல்லாம் அங்கேதான் பேசித் தீர்த்துக்கொண்டோம். சின்னவன் தள்ளுவண்டியிலேயே உறங்கிப் போனான். அவனை எழுப்பாமல் கப்பலுக்குத் தள்ளிவந்தோம்.

வலெட்டாவில் துறையிலிருந்து மேலேயுள்ள தோட்டத்திற்கு 58 மீட்டர் உயர மின்தூக்கி இருக்கிறது. தள்ளுவண்டிக்காரர்களுக்கு அது வரப்பிரசாதம். நண்பகலில் அங்கே பீரங்கி சுடுவார்கள். குழந்தையின் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பி இரண்டு மாதம் கழித்துப் பாட்டியாரைப் பார்க்கப் போயிருந்தோம். ஊர்க்கோடியில் அய்யனார் கோவிலருகே ஓர் ஆலமரம். சின்னவன் பாட்டியாரின் கையை உதறிவிட்டு விழுதுகளுக்கிடையே ஓடினான். பிறகு நின்று, வயற்பக்கமாகத் திரும்பிப் பார்த்து, "கப்பல் எங்கே?" என்று கேட்டான்.